கட்டளையும் கடமையும்

செவிலியர் பள்ளியில் சேர்ந்து சில மாதங்கள் கழிந்ததும் ஒரு விழா நடக்கும். விளக்கேற்று விழா என்று அதற்குப் பெயர். மாலை வேளையில் மண்டபத்து விளக்குகளை அணைத்துவிடுவார்கள். வெள்ளுடை அணிந்த மாணவியர் வரிசையாக வந்து, ஆசிரியையின் கையிலுள்ள சுடரிலிருந்து தத்தம் விளக்கை ஏற்றிக்கொள்வார்கள். பிறகு எல்லோரும் ஒரே குரலில் ஓர் உறுதிமொழியைச் சொல்வார்கள். பத்தொன்பது வயதில் நானும் அவ்வாறு சொன்னவள்தான். அன்று என் கையிலிருந்த விளக்கு அணையாமல் இருக்கவேண்டுமே என்ற கவலையில், சொன்ன சொற்களின் பொருளைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த உறுதிமொழி நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் வழங்குகிறது. ஆனால் அதை எழுதியவர் அவர் அல்லர். 1893-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்னும் அம்மையாரின் தலைமையில் அமைந்த ஒரு குழு அதை இயற்றி, நைட்டிங்கேலைப் போற்றும் வகையில் அவர் பெயரைச் சூட்டிற்று. தீங்கு பயக்கும் மருந்தை அறிந்து எவருக்கும் கொடேன் என்பது அதில் ஒரு வாக்கு. மருத்துவருக்கு அவருடைய பணியில் உண்மையோடு துணை நிற்பேன் என்பது மற்றொரு வாக்கு.

இந்த இரண்டு வாக்குகளும் பெரும்பாலான நாட்களில் ஒன்றோடொன்று இணங்கியே நடக்கும். மருத்துவர் எழுதுவார், செவிலி கொடுப்பார், நோயாளி குணமடைவார். ஆனால் என்றோ ஒரு நாள் இரண்டும் எதிரெதிரே வந்து நின்றுவிடும். மருத்துவர் சொன்னதைச் செய்தால் நோயாளிக்குத் தீங்கு; செய்யாவிட்டால் கட்டளையை மீறிய குற்றம். அந்த நாளில் செவிலி என்ன செய்யவேண்டும்? சட்டம் அவளிடம் எதை எதிர்பார்க்கிறது? அறம் எதை எதிர்பார்க்கிறது? நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகளின் படுக்கையருகே நின்றவள் என்ற உரிமையில் இந்தக் கேள்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மணிலா நகரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1929-ஆம் ஆண்டு அது. பிலிப்பைன்ஸ் தீவுகள் அப்போது அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்தன. தொண்டையிலுள்ள டான்சில் சதையை அகற்றுவதற்காக 13 வயதுச் சிறுமி ஒருத்தியை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அறுவை அறையில் லோரென்சா சொமேரா என்ற செவிலி பணியில் இருந்தார். அறுவை மருத்துவர், மரத்துப்போகச் செய்யும் ஊசிக்காகக் கொக்கேன் கரைசலைக் கேட்டார். செவிலி அந்தக் கட்டளையை உறுதிசெய்துகொண்டு, கேட்ட மருந்தை எடுத்துக் கொடுத்தார். மருத்துவர் தம் கையாலேயே ஊசி போட்டார். சிறிது நேரத்திற்கெல்லாம் சிறுமிக்கு வலிப்புக் கண்டது, அவள் இறந்துபோனாள். மருத்துவர் மனத்தில் நினைத்தது புரோக்கேன் என்ற வேறொரு மருந்து. வாய் சொன்னதோ கொக்கேன்.

வழக்கு மன்றத்திற்குச் சென்றது. மருத்துவரும், அவருக்குத் துணைநின்ற மருத்துவரும், செவிலியும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். தவறான பெயரைச் சொன்னவர் மருத்துவரே என்பதிலும், ஊசி போட்டவர் அவரே என்பதிலும் ஐயம் இருக்கவில்லை. எனினும் மருத்துவர் இருவரும் விடுதலை பெற்றனர். செவிலிக்கு ஓராண்டுச் சிறை. பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. கட்டளையை அவர் திரும்பச் சொல்லி உறுதிசெய்துகொண்டார். ஆனால் அது தவறாக இருக்குமோ என்று ஐயுற்றுக் கேட்கவில்லை. அதுவே அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றத்தின் சாரம்.

உலகெங்கும் செவிலியர் கொதித்தெழுந்தார்கள். பல நாடுகளிலிருந்து கண்டனங்கள் குவிந்தன. 1930-ல் ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். சொமேரா ஒரு நாள்கூடச் சிறையில் கழிக்க நேரவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு செவிலியர் உலகத்தை உலுக்கிவிட்டது. அதுவரை பள்ளிகளில் கற்பித்தது என்ன? கீழ்ப்படி, கேள்வி கேட்காதே என்பதே. கீழ்ப்படிந்தவள்தான் குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதே!

அந்தத் தீர்ப்பின் ஒரு பாதி பெரிய அநீதி. கேட்காதே என்று வளர்த்துவிட்டு, ஏன் கேட்கவில்லை என்று தண்டிப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? ஆனால் மறு பாதியில் ஓர் உண்மை இருக்கிறது. செவிலி என்பவள் மருத்துவரின் கை நீண்டு வளர்ந்த இன்னொரு கை அல்லள். அவளுக்குத் தனியான அறிவு உண்டு. தனியான மனச்சாட்சி உண்டு. ஆகவே தனியான பொறுப்பும் உண்டு. அந்த உண்மையை ஒப்புக்கொள்ளச் செவிலியர் உலகத்திற்கே நெடுங்காலம் பிடித்தது. பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1953-ல் வகுத்த ஒழுக்க நெறியில், மருத்துவரின் கட்டளைகளை அறிவோடும் விசுவாசத்தோடும் நிறைவேற்றுவது செவிலியின் கடப்பாடு என்றே எழுதியிருந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1973-ல் அதை மாற்றி எழுதினார்கள். செவிலியின் முதற்பொறுப்பு அவளுடைய பராமரிப்பை நாடி நிற்கும் மக்களுக்கே என்று புதிய நெறி சொல்லிற்று. உடன் பணிபுரிபவரால் நோயாளிக்குத் தீங்கு நேரும்போலிருந்தால், அவரைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றும் சொல்லிற்று.

ஏட்டில் நெறி மாறிவிட்டது. பழக்கம் அத்தனை எளிதில் மாறுமா? இதற்கு ஒரு சோதனையைச் சான்றாகச் சொல்லலாம். 1966-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் ஹோஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை வெளியிட்டார். இரவுப் பணியிலிருந்த 22 செவிலியருக்குத் தனித்தனியே ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. இதுவரை பார்த்திராத ஒரு மருத்துவரின் பெயரைச் சொல்லி, இன்ன நோயாளிக்கு இன்ன மருந்தை 20 மில்லிகிராம் கொடு, நான் பிறகு வந்து கையெழுத்திடுகிறேன் என்றது அந்தக் குரல். மருந்துப் பெட்டியின் மேலேயே, ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று எழுதியிருந்தது. தொலைபேசியில் வரும் வாய்மொழியை நம்பி மருந்து கொடுக்கக்கூடாது என்பது மருத்துவமனையின் விதி. எனினும் 22 பேரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கி நடந்தார்கள். வழியில் அவர்களைத் தடுத்து நிறுத்தி, பெட்டியில் இருந்தது வெறும் சர்க்கரை வில்லை என்று சொன்னார்கள்.

இதைக் கேட்கும்போது, அந்த 21 பேரும் அறிவில்லாதவர்கள் என்று தோன்றும். அவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். இப்படியொரு கட்டளை வந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு சில செவிலியரை உட்காரவைத்துக் கேட்டபோது, ஏறக்குறைய எல்லோருமே கொடுக்கமாட்டோம் என்றுதான் சொன்னார்கள். அறிந்திருப்பது வேறு; நள்ளிரவில், தனியாக, அதிகாரத்தின் குரலுக்கு எதிரே நின்று மறுத்துச் சொல்வது வேறு.

1977-ல் வேறிருவர் இந்தச் சோதனையைச் சிறிது மாற்றி நடத்தினார்கள். இம்முறை மருந்து செவிலியருக்கு நன்கு பழக்கமானது. பக்கத்திலிருந்த தோழியரைக் கலந்துகொள்ளவும் வாய்ப்பு இருந்தது. 18 பேரில் இருவர் மட்டுமே அந்த மிகை அளவைக் கொடுக்க முற்பட்டனர். இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான்: செவிலியின் துணிவு அவளுடைய நெஞ்சில் மட்டும் விளைவதன்று. அவள் கையாளும் மருந்தைப் பற்றிய அறிவும், இது சரிதானா அக்கா என்று கேட்க அருகே ஒருத்தியும் இருந்தால், அந்தத் துணிவு தானே வரும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். செவிலித் தொழில் செய்பவர் தம் பெயரைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்பது நம் மாநிலத்திற்குப் புதிய செய்தி அன்று. சென்னை மாகாணத்தில் 1926-ஆம் ஆண்டிலேயே செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பிறந்துவிட்டது. நாடு முழுமைக்கும் பொதுவான பயிற்சித் தரத்தை வகுக்க 1947-ல் இந்தியச் செவிலியர் கழகச் சட்டம் வந்தது. 2023-ல் நாடாளுமன்றம் தேசியச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையத்திற்கென ஒரு புதிய சட்டத்தை இயற்றியது. ஒரு பதிவேட்டில் பெயர் இருப்பதனால் என்ன வந்துவிடப்போகிறது என்று சிலர் நினைப்பார்கள். என்ன வரும் என்பதை 1998-ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு காட்டும்.

ஒரு தனியார் மருத்துவமனை. 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் காய்ச்சலோடு ஒரு சிறுவனை அங்கே சேர்த்தார்கள். மருத்துவர் தம் கையால் போடவேண்டிய ஊசியை அவர் போடவில்லை; செவிலி போட்டார். சிறுவனின் உடல் தாங்கக்கூடியதற்கு மிக அதிகமான அளவு ஏறிவிட்டது. ஊசி போட்ட சற்று நேரத்தில் பிள்ளையின் இதயம் நின்றது. உயிரை மீட்டார்கள், மூளையை மீட்க முடியவில்லை. கண் திறந்திருந்தும் தாயை அறியாத நிலையில் அந்தப் பிள்ளை கிடந்தான். விசாரணையில், ஊசி போட்டவர் எந்த மாநிலத்துப் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவர் என்று தெரியவந்தது. பிள்ளைக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாயும், பெற்றோரின் மனவேதனைக்காக ஐந்து லட்சம் ரூபாயும் மருத்துவமனை கொடுக்கவேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இந்த வழக்கில் பொறுப்பு எங்கெங்கே தங்கியிருந்தது என்று பாருங்கள். தகுதியில்லாமல் ஊசியைக் கையில் எடுத்தவரிடம் இருந்தது. தாம் செய்யவேண்டியதை அவரிடம் விட்ட மருத்துவரிடம் இருந்தது. குறைந்த சம்பளத்திற்குக் கிடைக்கிறார் என்றோ, வேறு ஆள் இல்லை என்றோ, பதிவில்லாத ஒருவருக்கு வெள்ளுடை அணிவித்து வார்டில் நிறுத்தும் நிர்வாகம் எதுவானாலும், அதனிடமும் பொறுப்பு உண்டு. நம் ஊர்களில் சிறிய மருத்துவமனைகளில் ஆறு மாதம் பழகிய பெண்களை நர்ஸ் என்று சொல்லி நிறுத்திவிடுவதைப் பார்க்கிறோம். அந்தப் பெண்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, இரக்கமே உண்டு. கேட்கவேண்டியது எது என்று தெரிந்தால் அல்லவா அவர்கள் கேட்பார்கள்? படிப்பு என்பது ஊசி போடக் கற்பது மட்டும் அன்று. எந்த ஊசியைப் போடாமல் நிறுத்தவேண்டும் என்று அறிவதுதான் படிப்பு.

இதுவரை கேட்பதைப் பற்றிப் பேசினேன். செவிலியின் கடமையில் இது ஒரு பாதி. மறு பாதி, தவறு நேர்ந்தபின் அதைச் சொல்வது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் சொந்தக் கதையொன்றைச் சொல்லவேண்டும்.

நான் பணியில் சேர்ந்து மூன்றாம் ஆண்டு. பெண்கள் வார்டில் இரவுப் பணி. படுக்கைகளிலும் தரையிலுமாக 60 நோயாளிகள். செவிலி நான் ஒருத்தி. அந்த வாரம் ஒரே பெயருடைய இரண்டு பெண்கள் அடுத்தடுத்த வரிசையில் இருந்தார்கள். ஒருவர் நீரிழிவு நோயாளி. காலை உணவுக்கு முன் இன்சுலின் ஊசி போடவேண்டும். மற்றவர் இழுப்பு நோய்க்காக வந்தவர். விடியற்காலை ஆறு மணிக்கு நான் ஊசியும் கையுமாகப் போய், பெயரைச் சொல்லி அழைத்தேன். என்ன அம்மா என்று ஒருவர் திரும்பினார். கையை நீட்டச் சொன்னேன்.

"எனக்கு ஊசி கிடையாதே, அம்மா" என்றார் அவர்.

"டாக்டர் எழுதியிருக்கிறார், பாட்டி" என்றேன் நான், போட்டுவிட்டேன்.

இருபது நிமிடம் கழித்து, எதிர் வரிசையிலிருந்த நீரிழிவுக்காரர், இன்றைக்கு எனக்கு ஊசி போடவில்லையே என்று கேட்டார். அந்தக் கணத்தில் என் காலடியிலிருந்த தரை நழுவிப்போயிற்று. ஓடிப்போய்ப் பார்த்தேன். இழுப்பு நோயாளி நன்றாகத்தான் இருந்தார். நான் ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து அவரைக் குடிக்கச் செய்தேன். ஏன் என்று கேட்டார். சோர்வாகத் தெரிகிறீர்கள் என்றேன். பிறகு என் மேசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அந்த அரை மணி நேரத்தை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. ஒருவருக்கும் தெரியாது. சர்க்கரை கொடுத்தாயிற்று. ஏழு மணிக்குப் பகல் பணிக்காரர் வந்துவிடுவார். நான் விடுதிக்குப் போய்ப் படுத்துவிடலாம். ஆனால் வகுப்பில் படித்தது மனத்தில் வந்து குத்திற்று. அந்த இன்சுலின் போட்டவுடன் முழு வலிமையையும் காட்டாது. அதன் உச்சம் இரண்டு, மூன்று மணி நேரத்திற்குப் பின். நான் கொடுத்த ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரோ அதற்குள் கரைந்துபோயிருக்கும். நான் தூங்கிக்கொண்டிருக்கும் வேளையில், என்ன நடந்தது என்றே அறியாத ஒரு செவிலியின் கண்ணெதிரே அந்த அம்மாள் வியர்த்து, உளறி, நினைவிழப்பார். இழுப்பினால்தான் இப்படி என்று எல்லோரும் நினைப்பார்கள். என் தவறு அவரைக் கொல்லாமல் போகலாம். என் மௌனம் கொன்றுவிடும்.

ஏழு மணிக்கு வார்டுத் தலைமைச் செவிலி வந்தார். எங்களுக்கெல்லாம் அவரைக் கண்டால் நடுக்கம். அவரிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "முதலில் அந்த அம்மாளைப் பார்ப்போம். பிறகு எழுதுவோம். அழுவதற்கு அதற்குப் பிறகு நேரம் இருக்கிறது" என்றார். மருத்துவரை அழைத்தார். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். எட்டரை மணிக்கு அந்த அம்மாளுக்கு ஒருமுறை வியர்த்துக் கை நடுங்கிற்று. காத்திருந்தவர்கள் உடனே கவனித்துக்கொண்டார்கள். நண்பகலுக்குள் அவர் தேறிவிட்டார்.

கேஸ் ஷீட்டில் நடந்ததை நடந்தபடி, நேரம் குறித்து, என் கையால் எழுதிக் கையெழுத்திட்டேன். அவ்வளவோடு முடிந்தது என்று நினைத்தேன். "இன்னும் ஒருவரிடம் சொல்லவில்லையே" என்றார் தலைமைச் செவிலி. நான் அந்த அம்மாளின் படுக்கைக்குப் போய், உங்களுக்கு உரியதல்லாத ஊசியைப் போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அப்போதே கேட்டேனே, அம்மா" என்றார்.

அதைவிடக் கடுமையான தீர்ப்பை எந்த நீதிமன்றமும் எனக்கு எழுதியிருக்க முடியாது. மருத்துவரை எதிர்த்துக் கேள்வி கேட்கச் செவிலிக்குத் துணிவு வேண்டும் என்று நான் பிற்காலத்தில் எத்தனையோ மாணவியருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று என்னைக் கேள்வி கேட்டவர் எழுத்தறியாத ஒரு நோயாளி. டாக்டர் எழுதியிருக்கிறார் என்ற ஒரே சொல்லால் நான் அவர் வாயை அடைத்தேன். மேலே இருப்பவரிடம் நான் செலுத்திய கண்மூடிக் கீழ்ப்படிதலை, கீழே படுத்திருந்தவரிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன். கேட்க அஞ்சுகிறவர், தம்மைக் கேட்பவரையும் பொறுக்கமாட்டார்.

இதற்குப் பின் நடந்ததையும் சொல்லவேண்டும். எனக்கு மெமோ வந்தது. ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அதை நான் வருத்தத்தோடு குறிப்பிடவில்லை, தவறு என்னுடையது. ஆனால் ஒருத்தி 60 பேரை எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரே பெயருடைய இருவரை ஏன் அருகருகே வைத்தார்கள் என்றும் கேட்கவில்லை. மறுமாதமும் வார்டு அப்படியேதான் இருந்தது. மாறியது ஒன்றே ஒன்று. என்னுடைய தோழியர், "நீ சொல்லாமல் இருந்திருக்கலாம்" என்றார்கள். நிர்வாகம் கற்பிக்க நினைத்தது கவனத்தை. அவர்கள் கற்றுக்கொண்டதோ மௌனத்தை.

இது ஏதோ ஒரு சிற்றூர் மருத்துவமனையின் குறை என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2017-ல் ஒரு செவிலி, நோயாளியின் பதற்றத்தைத் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். முதிய பெண்மணி ஒருவர் இறந்தார். செவிலி தம் தவறை உடனே ஒப்புக்கொண்டார். அவருடைய பதிவு பறிக்கப்பட்டது. 2022-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். எச்சரிக்கைகள் பலவற்றை அவர் கவனியாமல் தாண்டிச் சென்றது உண்மை. ஆயினும் அந்நாட்டுச் செவிலியர் பலர், இனி எவள் தன் தவறைத் தானே சொல்ல முன்வருவாள் என்று கலங்கினார்கள். அந்தக் கலக்கத்தின் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும்.

நம் நாட்டுச் சட்டத்தின் நிலையையும் நேயர்கள் அறிந்திருப்பது நல்லது. கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்ந்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி எவருக்கும் அதிக அளவு இரண்டாண்டுச் சிறை. மருத்துவர்களைப் பொறுத்தவரை, சாதாரணக் கவனக்குறைவு குற்றமாகாது, மிகக் கடுமையான கவனக்குறைவே குற்றமாகும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 106-ஆம் பிரிவு இந்தத் தண்டனையின் மேல்வரம்பை ஐந்தாண்டாக உயர்த்தியது. சிகிச்சை செய்யும்போது மருத்துவரின் கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் மட்டும் இரண்டாண்டு. இந்தக் குறைந்த வரம்புக்கு உரிய மருத்துவர் யார் என்று அந்தப் பிரிவே விளக்கம் தருகிறது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி தகுதி பெற்றுப் பதிவு செய்துகொண்டவர். செவிலி அந்த விளக்கத்துக்குள் வரவில்லை. ஒரே அறையில், ஒரே நோயாளிக்கு, ஒரே சிகிச்சையில் நேரும் பிழைக்கு, கட்டளையிட்டவருக்கு ஓர் அளவும் அதை நிறைவேற்றியவருக்கு வேறோர் அளவும் என்று ஆகிவிடக்கூடாதல்லவா? மணிலா வழக்கு நடந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. அதை நினைக்கும் எவருக்கும் இந்த வேறுபாடு கண்ணில் படாமல் இராது. சட்டம் இயற்றுவோர் இதைச் சிந்தித்துப் பார்க்கவேண்டும்.

செவிலியரைத் தண்டிக்கவே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. குடித்துவிட்டுப் பணிக்கு வருபவரையும், வேண்டுமென்றே நோயாளியைப் புறக்கணிப்பவரையும், தவறை மறைக்கக் கேஸ் ஷீட்டைத் திருத்துபவரையும் சட்டம் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் களைப்பினால் கை தவறியவரையும், அதை உடனே சொல்லி நோயாளியைக் காத்தவரையும் அவர்களோடு ஒரே தராசில் நிறுத்தலாகாது. சொல்பவரைத் தண்டித்தால் தவறுகள் குறையா; தவறுகளைப் பற்றிய செய்திகள்தாம் குறையும்.

நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் எளியது. வாய்மொழிக் கட்டளையை அவசர நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் செவிலி அதைத் திரும்பச் சொல்லி எழுதிக்கொள்ளட்டும். மருத்துவர் பிறகு கையெழுத்திடட்டும். ஆபத்தான மருந்துகளை மற்றவற்றோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். இரவில் ஒருத்தியைத் தனியே விடாதீர்கள். மருத்துவர்களுக்கும் ஒன்று சொல்வேன். இந்த அளவு சரிதானா, டாக்டர் என்று ஒரு செவிலி கேட்டால், அவள் உங்கள் அறிவை ஐயுறவில்லை. உங்களையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறாள். மணிலாவில் அந்த ஒரு கேள்வி எழுந்திருந்தால், ஒரு சிறுமி பிழைத்திருப்பாள். ஒரு மருத்துவரின் பெயரும் கெட்டிராது.

கடைசியாக, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு. நம்மில் ஒவ்வொருவரும் என்றாவது ஒரு நாள் அந்தக் கட்டிலில் படுக்கப்போகிறவர்கள்தாம். அப்போது ஒரு செவிலி மருந்தோடு வந்து, உங்கள் பெயர் என்ன, வயது என்ன என்று கேட்பாள். நேற்றும் அவளே கேட்டிருப்பாள், காலையிலும் கேட்டிருப்பாள். இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இன்னுமா தெரியவில்லை என்று உங்களுக்குச் சலிப்பு வரும். தயவுசெய்து சலித்துக்கொள்ளாமல் விடை சொல்லுங்கள். அவள் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறாள். அதோடு, இது எனக்கு எதற்காக, அம்மா என்று நீங்களும் அவளைக் கேளுங்கள். அவள் கோபித்துக்கொண்டால், ஒரு கிழவி வானொலியில் கேட்கச் சொன்னாள் என்று சொல்லுங்கள்.

எனக்கு அன்று ஊசி கிடையாதே என்று சொன்ன அந்த அம்மாள், குணமாகி வீட்டுக்குப் புறப்பட்ட நாளில் என்னிடம் வந்து விடைபெற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன்பின் பணி முடியும் வரை, எந்த நோயாளி எதைக் கேட்டாலும், ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேஸ் ஷீட்டை இன்னொருமுறை பார்த்த பின்பே நான் விடை சொன்னேன்.